பொருட்காட்சி சாலையில் தீ!

சென்னை எழும்பூரில் உள்ள மியூஸியத்துக்கு நம் ஜனங்கள் இட்ட பெயர் "செத்த காலேஜ்" என்பது. பட்டணம் பார்க்க வந்த கிராமவாசிகள், மிருகங்கள் உலாவும் தோட்டத்தை "உயிர் காலேஜ்" என்றும், பாடம் செய்த பிராணிகளும் எலும்புக் கூடுகளும் நிறைந்த பொருட்காட்சி சாலையைச் "செத்த காலேஜ்" என்றும் சொல்லிக்கொண்டு, இரண்டையும் கண்டு களித்து ஊர் திரும்பினார்கள். வேடிக்கையான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பிசகு இருக்கிறது. செத்தது மறுபடியும் சாகாது என்பார்கள். பொருட்காட்சி சாலையில் உள்ளவற்றுக்கோ இரண்டாவது மரணம் ஒன்று உண்டு. பதினாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத மண்டையோடு, கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக வைக்கப்பட்ட பின்பு, ஒரே ராத்திரியில் நெருப்புக்கு இரையாகக் கூடும்.

அப்படி நேர்ந்த சில சம்பவங்களையும், அவை நேராமல் தடுக்கும்படி கட்டடத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பதையும் இந்தக் கட்டுரையில் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ரியோ நகரத்து இரவு

1808-ம் வருஷத்தில், நெப்போலியனுடைய சேனைக்கு அஞ்சிக் கப்பலேறிய போர்த்துகல் ராஜகுடும்பம், தென் அமெரிக்காவில் உள்ள பிரேஸில் தேசத்தில் போய் இறங்கியது. ரியோ டி ஜெனிரோ நகரில் அவர்களுக்கு ஓர் அரண்மனை வாய்த்தது. ஆறாம் ஜான் மன்னர் 1818-ல் அந்த நகரிலே ஒரு பொருட்காட்சி சாலையை ஸ்தாபித்தார். பிற்பாடு முடியரசு போய்க் குடியரசு வந்தது. காலியான அரண்மனைக்குள் பொருட்காட்சி சாலை குடி புகுந்தது.

இருநூறு வருஷங்களில் அங்கே சேர்ந்த பொருள்கள் சுமார் 2 கோடி. எகிப்து தேசத்து மம்மிகள், பூர்வகுடிகளின் சிறகு ஆபரணங்கள், லட்சக்கணக்கான பூச்சி வகைகள், பேசுவோர் அற்றுப்போன பாஷைகளின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அங்கே இருந்தன. "லூஸியா" என்று பெயரிடப்பட்ட ஒரு பெண்ணின் மண்டையோடும் இருந்தது. அந்தப் பெண் வாழ்ந்து சுமார் 11,500 வருஷம் ஆகிறது. அமெரிக்கக் கண்டத்திலே கிடைத்த மிகப் பழைய மனித எலும்புகளில் அவளுடையது ஒன்று.

2018-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். இரவு சுமார் ஏழரை மணிக்குத் தீ கிளம்பிற்று. கீழ்த் தளத்தில் சொற்பொழிவு மண்டபத்திலிருந்த குளிர்சாதன யந்திரமே அதற்குக் காரணம் என்று போலீஸார் பின்னால் விசாரித்து அறிந்தார்கள். யந்திரங்களில் ஒன்றுக்கு எர்த் கம்பி சரியாக இல்லை. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிரேக்கரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனித்தனியாக வைத்திருக்கவில்லை.

பெரிய தேசத்தின் பெரிய பொக்கிஷத்துக்கு இவ்வளவு சிறிய காரணம் யமனாக வந்தது. காரணம் சிறிதாயிருந்தாலும், தீ பரவுவதற்கு அந்த மாளிகை எல்லா சௌகரியங்களும் செய்து வைத்திருந்தது. மரத் தளங்கள், தடுப்புக் கதவு இல்லாத நீண்ட கூடங்கள், தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. தீயணைக்கும் படையினர் வந்து சேர்ந்தார்கள். அருகிலிருந்த தெருக் குழாய்களைத் திறந்தால், அவற்றில் போதிய வேகத்துடன் தண்ணீர் வரவில்லை. வண்டிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பொழுது விடிந்தபோது நான்கு சுவர்களே நின்றன. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

பெண்டெகோ என்னும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விண்கல் மட்டும் வாசலருகில் இருந்தபடியே இருந்தது. ஆகாயத்திலிருந்து எரிந்துகொண்டே விழுந்த கல்லை இந்தத் தீ என்ன செய்யும்? லூஸியாவின் மண்டையோட்டுத் துண்டுகளில் பெரும்பகுதியைச் சில வாரங்களுக்குப் பின் சாம்பலைச் சலித்துக் கண்டெடுத்தார்கள். ஒலிப்பதிவுகளைச் சலித்து எடுக்க முடியுமா? பேசுவோர் இல்லாமற்போன பாஷைகள் அன்று இரண்டாம் தடவையாக மௌனமாயின.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தாவரச் சேகரமும், பிரதான புத்தகசாலையும், முதுகெலும்புள்ள பிராணிகளின் பகுதியும் அதே பூங்காவில் வேறு கட்டடத்தில் இருந்தன. அவை முழுமையாகத் தப்பின. யாரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நடுவில் இருந்த வெட்டவெளியே அவற்றைக் காப்பாற்றிற்று.

நமது தலைநகரில்

பிரேஸிலைப் பார்த்துத் தலையை அசைத்துப் பயனில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே டில்லியில் நாம் இந்தப் பாடத்தைப் படித்தோம். 1978-ல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை விஞ்ஞானப் பொருட்காட்சி சாலை, வர்த்தக சங்கம் ஒன்றின் கட்டடத்தில் குடியிருந்தது. 2016-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி விடியுமுன் அங்கே தீ பற்றியது. மேல் மாடியில் அப்போது ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட தீயணைக்கும் வண்டிகள் வந்தன. தீயணைப்பு வீரர்கள் சிலர் புகையில் சிக்கி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. கட்டடத்திலிருந்த தீயணைக்கும் சாதனங்கள் வேலை செய்யவில்லை என்று படையைச் சேர்ந்த அதிகாரிகள் சொன்னார்கள். பள்ளிக்கூடக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக வாய் பிளந்து பார்த்துவந்த பிராணிகளும் பட்சிகளும் கரிக்கட்டையாயின.

சாதனம் இருந்தது, வேலை செய்யவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் நம் தேசத்துத் தவறுகளில் பாதி அடங்கிவிடுகிறது.

அழகே ஆபத்து

பொருட்காட்சி சாலைகள் ஏன் இப்படி எரிகின்றன? அவற்றின் அழகே ஒரு காரணம். அகன்ற கூடம், வானளாவிய விதானம், நடுவில் கம்பீரமான மாடிப்படி—இவை எல்லாம் கண்ணுக்கு விருந்து. தீக்கோ அந்த மாடிப்படி, அடுப்பின் புகைபோக்கி மாதிரி. கீழே பற்றிய தீயின் உஷ்ணக் காற்றும் புகையும் அதன் வழியாக மேலே பாய்ந்து சில நிமிஷங்களில் எல்லா மாடிகளையும் தொட்டுவிடும். புகை விதானத்தின் கீழ் தேங்கி 500, 600 டிகிரி சூடு ஏறிவிட்டால், அந்த அறையில் இருக்கும் பொருள்கள் எல்லாம், தீ நாக்கு தொடாமலே, ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பின் அந்த அறைக்கு நம்பிக்கை இல்லை.

பொருள்களோ மரம், துணி, தாள், உலர்ந்த தோல், சிறகு. விஞ்ஞானப் பகுதியில் ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிகளில் மிதக்கும் மீனும் பாம்பும். இரவில் மனித சஞ்சாரம் கிடையாது. முதற் புகையை முகர்ந்து கூச்சலிட ஒருவரும் இல்லை.

எல்லாவற்றையும்விட அபாயமான காலம் எது தெரியுமா? கட்டடத்தைச் சீர்திருத்தும் காலந்தான்! வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் மாளிகையில், 1865 ஜனவரியில், படங்களை மாற்றி வைத்துக்கொண்டிருந்த வேலையாட்கள் குளிருக்காக ஓர் இரும்பு அடுப்பை வைத்தார்கள். அதன் குழாயைப் புகைபோக்கி என்று எண்ணிச் சுவருக்குள் இருந்த வெறும் இடுக்கில் செருகிவிட்டார்கள். சுவருக்குள்ளே கனன்ற நெருப்பு 24-ந் தேதி வெளிப்பட்டது. ஸ்தாபனத்துக்குப் பெயர் கொடுத்த ஸ்மித்ஸன் என்பவருடைய காகிதங்களும், அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி ஸ்டான்லி என்னும் ஓவியர் தீட்டிய படங்களும் போயின. நியூயார்க்கில் நவீன கலைக் காட்சிசாலையில் 1958 ஏப்ரல் 15-ந் தேதி, குளிர்சாதனம் அமைக்க வந்த தொழிலாளர் புகை பிடித்ததிலிருந்து தீ உண்டாயிற்று. ஒருவர் உயிரிழந்தார். மோனே என்னும் பிரெஞ்சு ஓவியர் வரைந்த, 18 அடி நீளமான அல்லிக்குளச் சித்திரமும் எரிந்தது. டில்லியிலும் தீ கிளம்பிய மாடியில் ரிப்பேர் நடந்ததை மேலே சொன்னோம்.

ஆகையால் அறிந்தவர்கள் வகுத்த விதி இது: நெருப்பைக் கொண்டு செய்யும் எந்த வேலைக்கும் அன்றன்று எழுத்து மூலம் அனுமதி வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வாளியும் கையுமாகக் காவல் நிற்க வேண்டும், வேலை முடிந்த பின்பும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, கனல் இல்லை என்று கண்டு போக வேண்டும்.

சுவரும் கதவும்

தீயை அணைப்பது படையினர் வேலை. தீ பரவாதபடி செய்வது சிற்பியின் வேலை. கட்டடத்துக்குப் படம் வரைகிற அன்றைக்கே அது தொடங்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தைப் பல அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தாலும் கப்பல் மிதக்கும். பெரிய கட்டடத்தையும் அப்படியே பல கண்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கண்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் தீயைத் தாங்கி நிற்கும் சுவரும் கதவும் வேண்டும். பகலில் ஜனங்கள் நடமாடுவதற்காக அந்தக் கதவுகளைக் காந்தம் பிடித்துத் திறந்து வைத்திருக்கும். அபாய மணி அடித்ததும் காந்தம் விடுபட்டுக் கதவு தானே சாத்திக்கொள்ளும். மாடிப்படிகளையும் இவ்வாறே அடைத்துக் காக்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, மின்சாரக் கம்பி கொண்டுபோவதற்காகச் சுவரில் ஒரு துவாரம் போட்டு அதை மூடாமல் விட்டால் எல்லாம் வியர்த்தம். 1992 நவம்பர் 20-ந் தேதி இங்கிலாந்தில் விண்ட்ஸர் கோட்டையில், ஒரு விளக்கின் உஷ்ணத்தில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. கூரைக்கு அடியிலிருந்த இடைவெளிகளில் தடுப்பு இல்லாமையால் தீ கண்ணுக்குத் தெரியாமல் ஓடிற்று. பதினைந்து மணி நேரம் எரிந்து 115 அறைகளைச் சேதப்படுத்தியது.

பொருளைக் காக்கும் கதவும் மனிதரைக் காக்கும் கதவும் சில சமயம் ஒன்றோடொன்று சண்டை போடும். திருடனுக்குப் பயந்து பொருட்காட்சி சாலைக்காரர்கள் கதவுகளைப் பூட்டுகிறார்கள். தீக்குப் பயந்தவர்களோ திறந்து வை என்கிறார்கள். இரண்டும் நியாயமே. உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொண்டு உடனே மணியடிக்கும் கதவும், அபாய மணி கேட்டதும் விடுபடும் மின்சாரப் பூட்டும் இந்த வழக்கைத் தீர்த்துவிட்டன. சாவியைத் தேடிக்கொண்டு காவற்காரர் ஓடும் ஏற்பாடு எந்தக் காரணத்தாலும் கூடாது.

மூக்கும் தண்ணீரும்

சுவர், தீயைத் தாமதப்படுத்தும். அந்த அவகாசத்துக்குள் தீயைக் கண்டுகொள்ள ஒரு மூக்கு வேண்டும். புகை கண்டால் மணியடிக்கும் கருவிகளை இன்று எல்லோரும் அறிவார்கள். விதானம் மிக உயரமாயிருக்கும் கூடங்களில், புகை மேலே எட்டுமுன் ஆறிவிடக் கூடும். அங்கே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஓர் ஒளிக்கதிரை அனுப்பி, அதைப் புகை மறைக்கும்போது மணியடிக்கச் செய்கிறார்கள். இதைவிட நுட்பமானது, மெல்லிய குழாய்களின் வழியாக அறைக் காற்றை ஓயாமல் உறிஞ்சிச் சோதித்துக்கொண்டேயிருக்கும் கருவி. கண்ணுக்குப் புகை தெரியுமுன்பே அது கண்டுபிடித்துவிடும். அதன் குழாயைச் சித்திர வேலைப்பாட்டின் நடுவே வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம். பழைய அரண்மனையின் அழகு கெடும் என்ற சாக்குக்கு இனி இடமில்லை.

அடுத்தது தண்ணீர். கலைப் பொருள்களைக் காப்பவர்கள் வெகு காலமாக விதானத் தெளிப்பான்களைக் கண்டு பயந்து வந்தார்கள். "நெருப்பில் போகாததை நீங்கள் தண்ணீரில் போக்கிவிடுவீர்கள்" என்பது அவர்கள் வாதம். சினிமாவில், ஒருவன் தீக்குச்சி கிழித்ததும் கட்டடம் முழுவதும் மழை கொட்டுகிறதல்லவா? அந்தக் காட்சிதான் அந்தப் பயத்துக்கு ஆதாரம்! உண்மை வேறு. ஒவ்வொரு தெளிப்பானின் வாயையும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி அடைத்திருக்கிறது. அதற்குள் இருக்கும் சிவப்புத் திரவம் 68 டிகிரி சூட்டில் விரிந்து குப்பியை உடைக்கும். அந்த ஒரு வாய் மாத்திரம் திறக்கும். பக்கத்து அறையிலுள்ளது திறவாது. நிமிஷத்துக்கு ஒரு வாயிலிருந்து 60 முதல் 100 லிட்டர் நீர் விழும். தீ முற்றிய பிறகு படையினர் கொண்டுவரும் ஒரு குழாயோ நிமிஷத்துக்குப் பல நூறு லிட்டர் பாய்ச்சும். அப்படிப் பத்துக் குழாய்கள் வரும். எது அதிகம் நனைக்கும் என்று நேயர்களே கணக்குப் பார்க்கலாம்.

இன்னும் சந்தேகப்படுவோருக்காக, புகைக் கருவியும் குப்பியும் இரண்டும் சொன்னால்தான் நீர் விடும் ஏற்பாடு இருக்கிறது. பனிபோல் நுண்ணிய துளிகளைத் தூவிக் குறைந்த நீரில் அணைக்கும் முறை உண்டு. அடைத்து வைத்த சேமிப்பு அறைகளில், எரியாத வாயுவைச் செலுத்தி, காற்றில் நூற்றுக்கு 21 பங்காக உள்ள ஆக்ஸிஜனை 15-க்குக் கீழே குறைத்துத் தீயை மூச்சடைக்கச் செய்வதும் உண்டு. எப்படியானாலும், நனைந்த தாளைக் குளிரில் உறைய வைத்துப் பின் உலர்த்தி மீட்கலாம். சாம்பலான தாளை மீட்கும் வித்தை எந்தத் தேசத்திலும் கிடையாது.

இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? ரியோ நகரம் கற்பித்த பாடம் இதுவே. கட்டடத்துக்கென்று சொந்தத் தொட்டி, சொந்தப் பம்பு, மின்சாரம் நின்றால் ஓட டீஸல் எஞ்சின், பெரிய வண்டி வளைந்து திரும்பும்படியான பாதை—இவை நான்கும் இருக்க வேண்டும். ஊர்க் குழாயை நம்பி ஒரு தேசத்தின் ஞாபகத்தை அடகு வைக்கலாகாது.

எதை முதலில் எடுப்பது?

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் குழந்தை, பிறகு தாலிச்சரடு இருக்கும் பெட்டி என்று நம் பாட்டிமாருக்கு யோசியாமலே தெரியும். 2 கோடிப் பொருள் உள்ள வீட்டில் எதை முதலில் எடுப்பது? அதை எரிகிறபோது யோசிக்க முடியாது. முன்கூட்டியே ஜாபிதா எழுதி, எந்த அறையில் எந்தப் பேழையில் இருக்கிறது, திறக்கச் சாவி எது, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பது வரை குறித்து, அதன் பிரதியைத் தீயணைப்புப் படையினரிடமும் கொடுத்து வைக்க வேண்டும். வருஷா வருஷம் ஒத்திகை பார்க்க வேண்டும்.

விண்ட்ஸர் கோட்டையில் இதன் பயன் தெரிந்தது. மின்சார வேலைக்காகப் பல அறைகளின் பொருள்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தது அதிர்ஷ்டம். மற்றவற்றை ஊழியர்களும் சிப்பாய்களும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி வெளியேற்றினார்கள். அவ்வளவு பெரிய தீயில் அழிந்த முக்கியமான கலைப் பொருள்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. 1958-ல் நியூயார்க்கிலும், ஸெரா என்னும் ஓவியரின் புகழ்பெற்ற பெரிய சித்திரம் ஒன்று, வேறு ஊரிலிருந்து இரவல் வந்திருந்தது, மேல் மாடியிலிருந்து பத்திரமாக இறக்கிப் பக்கத்துக் கட்டடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

பணம் எங்கே?

வழிகள் தெரியாமல் இல்லை. நமது தேசத்துக் கட்டட விதித் தொகுதியின் நான்காம் பாகம் முழுவதும் தீயைப் பற்றியதே. பொருட்காட்சி சாலையை அது நாடகக் கொட்டகையோடு சேர்த்து, ஜனங்கள் கூடும் கட்டடங்களின் வகுப்பில் வைத்திருக்கிறது. மனித உயிருக்கு முதலிடம் கொடுப்பது விதியின் கடமை. ஜனங்கள் வெளியேறிய பிறகு எஞ்சுகிற, வாய் பேசாப் பொருள்களைக் காப்பது நம் கடமை.

அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பணம். அதிலும், கண்ணுக்குத் தெரியாத காரியத்துக்குப் பணம் கொடுக்க மனம் வராமை. ரியோ பொருட்காட்சி சாலைக்குப் பராமரிப்புப் பணம் பல வருஷமாக முழுமையாகக் கிடைக்கவில்லை. கரையான் அரித்த ஒரு கூடத்தை மறுபடி திறப்பதற்குப் பொதுஜனங்களிடம் சந்தா வசூல் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் 2018 ஜூனில், தீப்பாதுகாப்பு உள்பட 2 கோடியே 17 லட்சம் ரெயால் தருவதாகச் சர்க்கார் பாங்கி ஒன்று ஒப்பந்தம் செய்தது. பணம் வருமுன் செப்டம்பர் வந்துவிட்டது. வருமுன் காவாதவன் வாழ்க்கைக்கு நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போரை உவமை சொன்னார் வள்ளுவர். அவர் எந்தப் பொருட்காட்சி சாலையையும் கண்டவரல்ல. ஆனால் பட்ஜெட் போடுகிறவர்களை நன்றாக அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது!

புதிய மாளிகைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினால் மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். தீத்தடுப்புக் கதவுக்கு யார் மாலை போடுவார்கள்? பம்பைச் சோதித்துப் பார்த்த சிப்பந்திக்கு யார் பாராட்டுக் கூட்டம் நடத்துவார்கள்? அந்தக் கதவு ஆயுள் முழுவதும் சும்மா நிற்பதே அதன் வெற்றி. மேடையேறிப் பழம்பெருமை பேசுவதில் நாம் ஒருவருக்கும் பின்வாங்குவதில்லை. ஓலைச்சுவடியும் செப்புத் திருமேனியும் நம் முன்னோர் விட்டுச் சென்ற சாட்சிகள். சாட்சிகளைப் பூட்டிய அறையில் மக்கிய கம்பிகளோடு விட்டுவிட்டு வழக்கை ஜயிக்க முடியாது.

அடுத்த விடுமுறையில் நேயர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொருட்காட்சி சாலைக்குப் போகும்போது, யானையின் எலும்புக் கூட்டைக் காட்டுவதோடு இன்னும் சிலவற்றையும் காட்டட்டும். வெளியேறும் வழி எது? அந்த வழியில் பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றனவா? சுவரில் மாட்டிய சிவப்பு உருளையில் கடைசியாகச் சோதித்த தேதி என்ன? சந்தேகம் தோன்றினால், அங்குள்ள அதிகாரியை மரியாதையாக ஒரு கேள்வி கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே எழுதுவார். நூறு பேர் கேட்டால் மேலே இருப்பவர்கள் பணம் அனுப்புவார்கள். அது ஜனங்களின் சொத்து. கேட்பதற்கு ஜனங்களுக்கு உரிமை உண்டு.